உடலின் தூதர்கள் – 9: இடுப்பைத் தளர்த்தும் ரிலாக்ஸின்

பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கும் ஒரு படி முந்தைய வேலை ஒன்று இருக்கிறது: பிள்ளை வெளியே வர இடுப்பு வழிவிட வேண்டும்.

காரைக்குடிப் பக்கம் நிறைமாதப் பெண் ஒருத்தி முற்றத்திலிருந்து வளவுக்குப் படியேறும்போது, "இடுப்பு கழண்டு போற மாதிரி இருக்கு ஆத்தா" என்றால், "எல்லாருக்கும் உள்ளதுதான்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவள் சொல்வது வெறும் களைப்பு அல்ல. இடுப்பெலும்பின் மூட்டுகள் கர்ப்பகாலத்தில் மெய்யாகவே தளர்கின்றன. அப்படித் தளர்த்தும் ஹார்மோனை நமக்கு முதலில் காட்டிக்கொடுத்தவை எலி இனத்து விலங்குகள்.

கினிப்பன்றி எலியின் உறவினம். அதன் குட்டி உடல் முழுக்க மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். எடை 100 கிராமை ஒட்டியிருக்கும். தாயின் சின்ன இடுப்பு வழியே அது வருவதெப்படி? அடிவயிற்றுக்குக் கீழே இடுப்பின் இரண்டு எலும்புகளும் கூடும் முன் மூட்டு, பிரசவத்துக்கு முன்பே விரிந்துவிடுகிறது. கடைசி நாட்களில் அங்கே விரல் வைத்துப் பார்த்தால் இடைவெளி தட்டுப்படும்.

1926-ல் அமெரிக்க விலங்கியலாளர் ஃபிரெடெரிக் ஹைசா, கருவுற்ற விலங்கின் ரத்தத்திலிருந்து பிரித்த ஊநீரைக் கருவுறாத கினிப்பன்றிக்கு ஊசியில் ஏற்றினார். அதற்கும் மூட்டு தளர்ந்தது. அப்படியானால் மூட்டை நெகிழ்த்துவது குட்டியின் எடை மட்டுமல்ல, ரத்தத்தில் ஓடும் ஏதோ ஒரு பொருளும்தான். 1930-ல் அதற்கு ரிலாக்ஸின் என்று பெயர் வந்தது.

ரிலாக்ஸின் தனியாக வேலை செய்வதில்லை. ஈஸ்ட்ரோஜன் முதலில் திசுவைப் பக்குவப்படுத்த வேண்டும். சுண்டெலியில் இது தெளிவாகத் தெரியும். அதன் கர்ப்பம் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பாதிக்காலம் கடந்ததும் மூட்டிலுள்ள குருத்தெலும்பின் இடத்தில் நார்த்திசு உருவாகத் தொடங்கும். பிரசவம் நெருங்க நெருங்க அந்த நார்த்திசு நீர் கோத்து, கொலாஜன் இழைகளின் நெருக்கம் குலைந்து, சில மில்லிமீட்டர் வரை நீளும். ஈன்ற சில நாட்களிலேயே இடைவெளி மறுபடி சுருங்கிவிடும். பெரிய எலியில் முன் மூட்டு இப்படி விரிவதில்லை; அங்கே ரிலாக்ஸினின் முக்கிய வேலை கருப்பை வாயை மென்மையாக்குவது. ஒரே ஹார்மோன், இனத்துக்கு இனம் வேறு வேலை.

1999-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ரிலாக்ஸின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளைப் பற்றி எழுதினார்கள். அவற்றின் இடுப்பு மூட்டு நெகிழவில்லை. ஆனாலும் குட்டிகள் உயிரோடு பிறந்தன. தாயின் முலைக்காம்பு வளராததால் பால் குடிக்க முடியாமல் அவை இறந்தன. வேறு தாயிடம் விட்டபோது பிழைத்தன. பிரசவம் ஒரே ஹார்மோனை நம்பி நடப்பதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

எலிக்கு நடப்பதை அப்படியே பெண்ணுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. மனித உடலில் ரிலாக்ஸின் உச்சத்துக்குப் போவது முதல் மூன்று மாதத்தில். இடுப்பு வலி பெரும்பாலும் அதற்குப் பிறகு கூடுகிறது. ரிலாக்ஸின் அதிகமுள்ளவருக்கே வலி அதிகம் என்று ஆய்வுகள் ஒருமித்துச் சொல்லவும் இல்லை. வயிற்றின் பாரம், நடையின் மாற்றம், தசையின் வலு எல்லாமே சேர்ந்துதான் வலியாகிறது. முன் மூட்டு சில மில்லிமீட்டர் விரிவது இயல்பு. 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் மருத்துவர்கள் அதைக் கோளாறாகக் கருதுகிறார்கள்.

காரைக்குடிக்கு மகப்பேறு மருத்துவத்தோடு ஒரு சொந்தம் உண்டு. 1947-ல் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா மேடையில், கல்லூரி தொடங்க வள்ளல்கள் முன்வர வேண்டும் என்று கேட்டார் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார். அதை ஏற்று அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரியைத் தொடங்கினார். அந்தத் துணைவேந்தர் மகப்பேறு மருத்துவர்; அத்துறை மாணவர்கள் தலைமுறைகளாகப் படித்த பாடநூலை எழுதியவர். அவர் கேட்டு எழுந்த கல்வி நகரத்தில் இந்த அறிவு வகுப்பறையோடு நின்றுவிடக் கூடாது.

வீட்டில் மாசமாக இருக்கும் பெண் இடுப்பு வலி என்றால் நம்புங்கள். மாடிப்படியையும் தண்ணீர்க் குடத்தையும் அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தால் இதமாக இருக்கும். நடக்கவே முடியாத வலி என்றால் செவிலியரிடமோ மருத்துவரிடமோ உடனே அழைத்துப் போங்கள்.

(தொடரும்)