அந்தக் கணக்கில் வன்னி யானைகள் இருக்கின்றனவா?

கடந்த வருடம் முல்லைத்தீவு மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமமொன்றில் யானை – மனித மோதல் பற்றிச் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தேன். முதல்நாள் இரவு வந்த யானைகள் ஒரு அம்மாவின் காணியில் நின்ற தென்னம்பிள்ளைகளைப் பிடுங்கிப் போட்டிருந்தன. 2024 ஓகஸ்ட் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 7,451 யானைகள் இருப்பதாக அவரிடம் சொன்னேன். “உந்தக் கணக்கில எங்கட யானையளும் இருக்கோ பிள்ளை? இஞ்ச ஒருத்தரும் வந்து எண்ணினதை நான் காணேல்ல” என்றார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. அறிக்கையில் வரும் எண்ணை அப்படியே செய்தியில் போடுவதுதான் எனக்கும் பழக்கம். அதன் பிறகுதான் யானைகளை எப்படி எண்ணுகிறார்கள் என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

இலங்கையில் பின்பற்றப்படுவது நீர்நிலைக் கணக்கெடுப்பு. வரட்சியான ஓகஸ்ட் மாதத்தில், பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், குளங்களுக்கு அருகே மரங்களிலும் பரண்களிலும் ஆட்கள் காத்திருப்பார்கள். நீர் குடிக்க வரும் யானைகளின் எண்ணிக்கை, ஆண், பெண், குட்டி என்ற விபரம், நேரம் ஆகியவற்றைப் பதிவார்கள்.

இம்முறை மூன்று அனுமானங்களில் தங்கியிருக்கிறது. ஒவ்வொரு யானையும் அந்நாட்களில் நீருக்கு வரும். ஒரே குளத்துக்குத்தான் வரும். எல்லா நீர்நிலைகளிலும் ஆள் இருக்கும். வன்னியில் காட்டுக்குள் தூர்ந்து கிடக்கும் சிறு குளங்கள் எத்தனை என்பது அங்கு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ஆள் இல்லாத குளத்தில் குடிக்கும் யானை கணக்கில் வராது. இரண்டு குளங்களுக்குப் போகும் யானை இரண்டு தடவை எண்ணப்படலாம்.

1993இல் நடந்த கணக்கெடுப்பில் 1,967 யானைகள் என்று முடிவு வந்தது. போர் காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்கள் அதில் சேர்க்கப்படவில்லை. 2011இல் நடந்த முதலாவது நாடளாவிய கணக்கெடுப்பு 5,879 என்றது. அதில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கிழக்குப் பிராந்தியத்துக்கு 1,573. வடக்குப் பிராந்தியத்துக்கு 233. போர் முடிந்து இரண்டு வருடங்களே ஆகியிருந்த காலம் அது. கண்ணிவெடி அகற்றும் பணி நடந்துகொண்டிருந்தது. ஆகவே 233 என்பதை அன்று அங்கே காணப்பட்ட யானைகளின் தொகையாகத்தான் நான் வாசிக்கிறேன். இருந்த யானைகளின் தொகை வேறாக இருந்திருக்கலாம்.

காணப்படாதவற்றையும் மதிப்பிடுவதற்குத்தான் கணித மாதிரிகள் உதவுகின்றன. அவற்றில் மிக எளிமையானதை ஒரு உதாரணத்தால் விளக்கலாம். ஒரு காட்டுக்கு முதல்முறை போகும்போது 40 யானைகளைப் படமெடுத்து, காதுக் கிழிசல், வால், உடல் தழும்பு என்பவற்றை வைத்து அடையாளம் பதிகிறோம். சில வாரங்களின் பின் மீண்டும் போகும்போது 50 யானைகளைக் காண்கிறோம். அவற்றில் 20 ஏற்கெனவே பதிந்தவை. இரண்டாம் முறை கண்டவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு நமக்குத் தெரிந்தவை என்றால், மொத்தக் கூட்டத்திலும் ஐந்தில் இரண்டு பங்கையே முதல்முறை பதிந்திருப்போம். 40ஐ 50ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 100. பதிந்தவற்றில் 10 மட்டுமே திரும்பக் கிடைத்திருந்தால் விடை 200 ஆகியிருக்கும். இரண்டு பயணங்களுக்கும் இடையில் யானைகள் வெளியேறினாலோ புதியவை வந்தாலோ இந்தக் கணக்கு பிழைக்கும். அதையும் கணக்கில் எடுக்கும் விரிவான மாதிரிகள் இருக்கின்றன.

உடவளவை தேசிய பூங்காவில் தனித்தனி யானைகளை அடையாளம் கண்டு இப்படியொரு ஆய்வு நடந்தது. 2011இல் வெளியான அதன் முடிவு, பூங்காவைப் பயன்படுத்தும் யானைகள் 804 முதல் 1,160 வரை என்றது. ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் இடைவெளியாகச் சொல்வதால் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறது என்பதும் நமக்குத் தெரிகிறது.

யானையைக் கண்ணால் காண முடியாத அடர்காட்டில் இலத்தியை எண்ணுவார்கள். நேர்கோட்டில் நடந்து இலத்திக் குவியல்களைப் பதிந்து, ஒரு யானை நாளொன்றுக்கு எத்தனை தடவை இலத்தி போடும், அது உக்க எத்தனை நாள் எடுக்கும் என்பவற்றைக் கொண்டு தொகையை மதிப்பிடுவார்கள். ஆனால், கண்ணிவெடி பற்றிய சந்தேகம் உள்ள காட்டில் யார் நேர்கோட்டில் நடப்பது?

5,879இலிருந்து 7,451 ஆகியிருப்பதால் யானைகள் பெருகிவிட்டன என்று சொல்ல முடியுமா? எண்ணிய இடங்கள், ஆட்களின் தொகை, அனுபவம் ஆகியவை மாறினாலும் எண் கூடும். இதற்கிடையில் 2023இல் மாத்திரம் 450இற்கும் மேற்பட்ட யானைகளும் 150இற்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்திருக்கிறார்கள். மின்வேலி எங்கே வரும், எத்தனை உத்தியோகத்தர்கள் எந்தப் பிரதேசத்துக்கு என்ற முடிவுகளுக்கு இந்த எண்களும் ஆதாரமாகின்றன. குறைவாக எண்ணப்பட்ட இடத்துக்குக் குறைவாகவே கிடைக்கும் என்ற பயம் நியாயமானது.

எண்ணப்படாமல் போவது நமக்குப் புதிதல்ல. 1981இன் பின் முழு நாட்டுக்குமான குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. 1991இல் நடக்கவேயில்லை, 2001இல் 18 மாவட்டங்களில் மாத்திரமே முழுமையாக நடந்தது.

ஆகவே அடுத்த முறை யானைத் தொகை வெளியாகும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். எங்கே எண்ணினார்கள்? எங்கே எண்ணவில்லை? தவறவிட்டவற்றுக்கு என்ன கணக்குப் போட்டார்கள்?

கிராமத்தவர்களாலும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. யானை வந்த திகதி, நேரம், எத்தனை, குட்டி இருந்ததா, எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கம் போனது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சேதத்தை முறையிடும்போது அதையும் காட்டுங்கள். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “திகதியெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு, எழுதினால் ஆர் பாப்பினம்?” என்று கேட்டார். இந்தக் கட்டுரையை வாசிக்கும் அதிகாரிகள் யாரும் இருந்தால், அந்தக் கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.