மாவு ஏன் ஒட்டவில்லை? வீட்டிலேயே காரசாரமான சிக்கன் டாக்கோஸ் செய்வது எப்படி?

மெல்லிய ரொட்டியில் காரமான இறைச்சி, வெங்காயம், கொத்தமல்லித்தழை வைத்து மடித்து, எலுமிச்சை பிழிந்து கையால் உண்ணும் மெக்சிகோ உணவே டாக்கோஸ். மிளகாயும் சீரகமும் பூண்டும் சேர்வதால் நம் நாவுக்கு இது அந்நியமானதன்று. மிளகாயே மெக்சிகோ பகுதியிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக இந்தியா வந்த பயிர்தான்.

ஆனால், இதை வீட்டில் முயல்வோர் பலரும் முதலில் தடுமாறுவது ரொட்டியில்தான். கடையில் வாங்கிய மக்காச்சோள மாவைப் பிசைந்தால், தேய்க்கும்போதே விரிசல் விட்டு உடைகிறது.

காரணம் சுண்ணாம்பு

மெக்சிகோவில் 'டார்ட்டில்லா' எனப்படும் இந்த ரொட்டிக்கு, மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, கழுவிய பின்னரே அரைக்கின்றனர். இதனால் மாவுக்கு ஒட்டும் தன்மை கிடைக்கிறது. தானியத்தில் உடலுக்கு எட்டாமல் இருக்கும் நியாசின் என்ற வைட்டமினும் கிடைக்கத் தொடங்குகிறது. மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துச் சென்று, இம்முறையைக் கைக்கொள்ளாத ஐரோப்பாவில், அதையே முதன்மை உணவாக உண்ட ஏழை மக்களிடையே 'பெலாக்ரா' என்ற குறைபாட்டு நோய் பரவியது.

இங்கு விற்கப்படும் சாதாரண மக்காச்சோள மாவு இவ்வாறு பக்குவப்படுத்தப்படுவதில்லை. எனவே, கோதுமை மாவைப் பயன்படுத்துவதே எளிது. இது சமரசமும் அன்று. வட மெக்சிகோவில் கோதுமை டார்ட்டில்லாவே வழக்கம்.

தேவையான பொருட்கள் (4 பேருக்கு)

ரொட்டிக்கு: கோதுமை மாவு அல்லது மைதா 250 கிராம், எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, வெதுவெதுப்பான நீர்.

இறைச்சிக்கு: எலும்பில்லாத கோழித்தொடை 500 கிராம், காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, சீரகத்தூள் 1 தேக்கரண்டி, ஆரிகானோ அரை தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு 5 பல், எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி.

சல்சாவுக்கு: தக்காளி 3, பச்சை மிளகாய் 2, வெங்காயம் பாதி, தேவையான உப்பு.

செய்முறை

1. இறைச்சியில் மசாலா அனைத்தையும் தடவி, 30 நிமிடங்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும்.

2. மாவில் எண்ணெயும் உப்பும் சேர்த்துப் பிசறி, நீர் விட்டு மென்மையாகப் பிசையவும். அரை மணி நேரம் மூடி வைத்த பின், 10 உருண்டைகளாக்கி மெல்லியதாகத் தேய்க்கவும். நன்கு காய்ந்த கல்லில் எண்ணெயின்றிச் சுட்டு, உடனே துணியில் சுற்றி வைக்கவும். இல்லையெனில் விறைத்து, மடிக்கும்போது உடைந்துவிடும்.

3. தக்காளி, மிளகாய், வெங்காயத்தைக் கல்லில் தோல் கருகும் வரை வாட்டி, உப்புச் சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்கவும். சல்சாவின் புகைமணம் இந்தக் கருகலில்தான் பிறக்கிறது.

4. இறைச்சித் துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, ஒவ்வொரு பக்கமும் 5 முதல் 6 நிமிடங்கள் வேகவிடவும். நெருக்கமாக அடுக்கினால் நீர் விட்டு அவிந்துவிடும். இறக்கி 5 நிமிடங்கள் கழித்துப் பொடியாக நறுக்கவும்.

கவனிக்க வேண்டியவை

பச்சைக் கோழி இறைச்சியைக் குழாய் நீரில் கழுவும்போது, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் தெறித்து அருகிலுள்ள பாத்திரங்களிலும் காய்கறிகளிலும் படியக்கூடும். கிருமிகளை அழிப்பது வெப்பமே. இறைச்சியின் மையப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். மிளகாய்த்தூளின் சிவப்பு கண்ணை ஏமாற்றும் என்பதால், தடித்த துண்டை வெட்டி உட்பகுதியைப் பார்ப்பது அவசியம். சமையல் வெப்பமானி இருந்தால் ஐயமே இல்லை. டாக்கோஸில் வெங்காயமும் கொத்தமல்லியும் பச்சையாகவே சேர்வதால், அவற்றுக்குத் தனிப் பலகையும் கத்தியும் பயன்படுத்த வேண்டும்.

பரிமாறும்போது ரொட்டி, இறைச்சி, சல்சா, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சைத் துண்டுகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்துவிட்டால், அவரவர் காரத்துக்கேற்ப மடித்து உண்ணலாம். சல்சாவைத் தனியே வைப்பதால், குழந்தைகளுக்குக் காரத்தைக் குறைப்பதும் எளிது. மீதமான இறைச்சியை 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.