மின் ஊழியர் வீசிய மெதுவான பந்து

டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் என்னை ‘மித வேகப் பந்துவீச்சாளர்’ என்பார்கள். அது மரியாதைக்குச் சொன்னது. வேகம் என்ற ஒன்று என்னிடம் இருந்ததே இல்லை. செக் நாட்டு பேஸ்பால் வீரர் ஒந்த்ரெய் சத்தோரியா மீது எனக்குத் தனிப் பிரியம் வந்ததற்கு அதுவே காரணம்.

1997இல் பிறந்தவர், ஆஸ்ட்ரவா நகரத்துக்காரர். உயரம் 175 செ.மீ. தான். ஆஜானுபாகுவான ஆட்கள் நிறைந்த பேஸ்பாலில் பந்து வீசும் ஒரு பிட்சருக்கு அது குள்ளம். உள்ளூர் ‘ஆரோஸ் ஆஸ்ட்ரவா’ கிளப்புக்கு ஆடுகிறார். சம்பளம் தருவது பேஸ்பால் அல்ல, மின்துறை வேலை.

செக் நாட்டில் இது விதிவிலக்கல்ல. அங்கே முதல்நிலை லீக்கில் ஆடுபவர்களும் பெரும்பாலும் வேறு வேலை பார்ப்பவர்களே. 2023 உலக பேஸ்பால் கிளாசிக் தொடருக்குப் போன செக் அணியின் பயிற்சியாளர் பாவெல் ஹதீம் ஒரு நரம்பியல் மருத்துவர். தகுதிச் சுற்றில் ஸ்பெயினை 3-1 என வீழ்த்த உதவிய பிட்சர் மார்ட்டின் ஷ்னைடர் தீயணைப்பு வீரர். அணியில் பள்ளி ஆசிரியரும் உண்டு. ஐரோப்பிய பேஸ்பாலில் நெடுங்காலம் கோலோச்சியவை நெதர்லாந்தும் இத்தாலியும். அவற்றின் நிழலில் வளர்ந்த செக் அணி, முதல்முறையாக இந்த கிளாசிக் தொடருக்கு வந்திருந்தது.

2023 மார்ச் 11. டோக்கியோ டோம் அரங்கில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். எதிரே ஜப்பான். அவர்களுடைய பிட்சர் ரோகி சசாகி மணிக்கு 160 கி.மீ.க்கு மேல் வீசக்கூடியவர். நம்மாள் வீசும் வேகப்பந்தோ 130ஐக்கூடத் தொடாது! இருந்தும் முதல் இன்னிங்சில் முதல் ரன் எடுத்தது செக் அணிதான்.

மூன்றாவது இன்னிங்சில் ஷோஹெய் ஓதானி மட்டையோடு நின்றார். இன்றைய பேஸ்பாலில் அவரைவிடப் பெரிய பெயர் இல்லை. சத்தோரியா அவரை மூன்றே பந்துகளில், அடிக்கவிடாமல் ‘ஸ்ட்ரைக் அவுட்’ ஆக்கினார். கடைசிப் பந்தின் வேகம் மணிக்கு 115 கி.மீ. அளவுதான். ஓதானி சுழற்றிய மட்டையில் காற்றுதான் பட்டது.

எப்படி நடந்தது? அந்தப் பந்துக்கு ‘சேஞ்சப்’ என்று பெயர். கிரிக்கெட்டில் நாம் பார்க்கும் ஸ்லோ பாலின் தாயாதி. வேகப்பந்தை விரல் நுனிகளால் பிடித்து விடுவிப்பார்கள். சேஞ்சப்பை உள்ளங்கைப் பக்கம் ஆழமாகப் பிடிப்பார்கள். தோளும் கையும் அதே விசையில்தான் சுழலும், பந்து மட்டும் பின்தங்கும். பின்சுழற்சியும் குறைவதால் மட்டையை நெருங்கும்போது தாழ்ந்து இறங்கும். பிட்சருக்கும், மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர். 160 கி.மீ. பந்து அந்தத் தூரத்தை ஏறத்தாழ 0.4 நொடியில் கடக்கும். சத்தோரியாவின் பந்துக்கு அரை நொடிக்குச் சற்று மேல் ஆகும். வேகத்துக்குப் பழகிய கை அந்த இடைவெளியில் முந்திவிடுகிறது.

ஆட்டத்தை ஜப்பான் 10-2 என வென்றது. ஓதானி வீழ்ந்த அதே இன்னிங்சிலேயே மசடகா யோஷிதா இரண்டு ரன்களை அடித்து ஆட்டத்தைத் திருப்பினார். திறமை இடைவெளி பெரியதுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் செக் அணி வெறுங்கையோடு திரும்பவில்லை. முந்தைய நாள் சீனாவை 8-5 என வென்றிருந்தது. அந்த வெற்றியால் பிரிவில் கடைசி இடத்தைத் தவிர்த்து, அடுத்த தொடருக்கு நேரடியாகத் தகுதி பெற்றது. ஜப்பானியர்கள் இவர்களைக் கொண்டாடினார்கள். தொடரின் அடுத்த கட்டத்துக்காக ஓதானி செக் அணியின் தொப்பியை அணிந்தபடியே மயாமியில் வந்து இறங்கினார். கோப்பையும் தொடரின் சிறந்த வீரர் விருதும் பிறகு அவரிடமே போய்ச் சேர்ந்தன.

சத்தோரியாவின் கதையை அதிர்ஷ்டக் கதையாகச் சுருக்கிவிடக் கூடாது. அந்த ஒரு பந்துக்குப் பின்னால் பல ஆண்டுகள் கிளப்பில் ஆடிப் பெற்ற பயிற்சி இருக்கிறது. வேலைக்குப் போகிறவனையும் ஆடவிடும் லீக் இருக்கிறது. முதல் நாளே வேகமானியை நீட்டி, எண் குறைந்தால் பையனை வீட்டுக்கு அனுப்பும் பயிற்சியாளர்கள் நம்மிடமும் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அவன் எத்தனை வேகமாக வீசுகிறான் என்பதோடு, எதிரே நிற்பவனை எப்படி ஏமாற்றுகிறான் என்பதையும் பாருங்கள்.