வாழைப்பழ ஈயின் உடம்பில் ஒரு வந்தேறி!

வாழைப்பழம் கொஞ்சம் கனிந்துவிட்டால் போதும், எங்கிருந்தோ வந்து மொய்க்குமே பொடிப்பொடியாய் ஈக்கள்... சிவந்த கண்ணுடைய அந்தப் பழ ஈயின் டி.என்.ஏ.வுக்குள், வேறோர் இன ஈயின் சரக்கு உட்கார்ந்திருக்கிறது. அது குடியேறி நூறு வருடம்கூட ஆகவில்லை!

இது தெரியவந்ததே ஒரு கல்யாணக் குழப்பத்தால்தான். 1910 வாக்கில் நியூயார்க்கில் தாமஸ் ஹன்ட் மார்கன் பழ ஈக்களை வைத்து மரபியல் ஆராய்ச்சி செய்தார். அந்தக் காலம் தொட்டு, தலைமுறை தலைமுறையாக பாட்டிலுக்குள்ளேயே வாழும் ஈக்கள் ஆய்வுக்கூடங்களில் உண்டு. வெளியே பிடித்த ஆண் ஈயை, இந்த பாட்டில் பெண் ஈயோடு சேர்த்தால் பிறந்தவை பலவும் மலடாகப் போயின. ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றிச் சேர்த்தாலோ, ஒரு குறையும் இல்லை. 1977-ல் மார்கரெட் கிட்வெல் குழுவினர் இதை விரிவாக எழுதினார்கள்.

குற்றவாளி, 'பி எலிமென்ட்' என்ற தாவும் மரபணு. 2,907 எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. துண்டு. தன்னைத் தானே வெட்டிக்கொண்டு இன்னோர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். காலியான இடத்தை செல் பழுதுபார்க்கும்போது, ஜோடியில் இருக்கும் பிரதியைப் பார்த்து அதையே மறுபடி எழுதிவிடும். ஒன்று இரண்டாகிவிட்டது, பாருங்கள்! ஒட்டிய இடத்தில் முக்கியமான மரபணு இருந்தால், அது கெட்டது.

வெளியே வாழும் பெண் ஈ, இதை அடக்கும் சின்னச் சின்ன ஆர்.என்.ஏ. துணுக்குகளைத் தன் முட்டைக்குள் வைத்தே அனுப்புகிறது. அம்மா கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு மாதிரி. பாட்டில் அம்மாவிடம் அது இல்லை. அப்பாவின் விந்தணு வழியாகவும் வராது.

சரி, இது எங்கிருந்து வந்தது? அமெரிக்க வெப்பமண்டலத்தில் வாழும் 'வில்லிஸ்டோனி' என்ற ஈயிடம் இதே துண்டு இருக்கிறது. 1990-ல் ஒப்பிட்டபோது வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து! இத்தனைக்கும் இரண்டு இனங்களும் இணைசேரவே முடியாது. ஓர் ஈயின் முட்டையைக் குத்தி உறிஞ்சிவிட்டு, அடுத்த ஈயின் முட்டையைக் குத்தும் உண்ணி ஒன்றின் மீது விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம். கையும் களவுமாகப் பிடிபடவில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. பழ ஈயின் நெருங்கிய சொந்தமான 'சிமுலன்ஸ்' ஈக்குள்ளும் பி எலிமென்ட் நுழைந்துவிட்டதை 2015-ல் கண்டுபிடித்தார்கள். இம்முறை அது வந்தது அநேகமாக நம் பழ ஈயிடமிருந்து. அந்த ஈக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, தலைமுறைவாரியாக எண்ணியும் பார்த்துவிட்டார்கள். வெதுவெதுப்பான சூழலில் மளமளவென்று பெருகிய பி எலிமென்ட், சுமார் 20 தலைமுறையில் அடங்கியது. அதற்குள் அந்த அம்மாக்களும் கட்டுச்சோறு கட்டப் பழகியிருந்தார்கள்.