பெடல் கெட்டியா இருந்தா பிரேக் பிடிக்கும்னு அர்த்தமில்லை

எபிசோட்ல லோகாஸ்ட் பற்றிப் பேசினோமே, ரான் சாம்பியன் 1996-ல எழுதின புத்தகத்தை வச்சு இங்கிலாந்துல பலர் கராஜிலேயே கட்டுற கார், அதுல பெரும்பாலும் பிரேக் சர்வோ இருக்காது. உங்க கால் பலம்தான்.

மாஸ்டர் சிலிண்டர் பெருசா இருந்தா நல்லாப் பிடிக்கும்னு தோணும். நேர் எதிர். விட்டம் 0.625 இஞ்சிலிருந்து 0.75 ஆனா பரப்பு 44% கூடும். அதே மிதிக்கு அழுத்தம் சுமார் 30% குறையும். பெடல் கல்லு மாதிரி இருக்கும், கார்தான் நிக்காது. ரொம்பச் சின்னதும் ஆகாது; தள்ளுற ஆயில் போதாம பெடல் தரையைத் தொட்டுடும்.

கிளட்ச் கணக்கு வேற. அங்க முக்கியம் எவ்வளவு ஆயில் நகருதுங்கிறது. ஸ்லேவ் சிலிண்டர் போதிய தூரம் தள்ளலைன்னா கிளட்ச் முழுசா விடாது, கியர் கரகரக்கும். அதனால ஸ்லேவ் பக்கமிருந்து கணக்குப் போட்டுட்டு வாங்க. பிரேக்குக்கு வாங்கினதையே இன்னொண்ணு வாங்கிடாதீங்க.

மாட்டும்போது புஷ்ராட்ல கொஞ்சம் ப்ளே கட்டாயம் விடணும். விடலைன்னா பிஸ்டன் முழுசாத் திரும்பாது, ரிசர்வாயர் துளை மூடியே கிடக்கும், ஆயில் சூடாகி விரியும்போது பிரேக் தானாப் பிடிச்சுக்கும். பெடல் பாக்ஸ் தகடு வளையுதான்னும் பார்க்கணும்: ஒருத்தரை நல்லா மிதிக்கச் சொல்லிட்டு, டார்ச் அடிச்சுப் பாருங்க.