ஹோர்ட்டன் சமவெளியின் வட்டப் பாதை: மூடுபனிக்கு முன்னும் பின்னும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீட்டர் வரையான உயரத்தில் விரிந்து கிடக்கும் ஹோர்ட்டன் சமவெளி, அந்நாட்டின் தேசியப் பூங்காக்களுள் பயணிகள் வாகனத்தை விட்டிறங்கி நடந்தே சுற்றிப் பார்க்கக்கூடிய அரிய இடமாகும். ஃபார் இன் என்னும் பழைய வேட்டை விடுதியின் அருகிலிருந்து புறப்பட்டு, சுமார் 9 கிலோமீட்டர் தூரம் வளைந்து, சென்ற வழியே திரும்பாமல் புறப்பட்ட இடத்தையே வந்தடையும் வட்டப் பாதைதான் பெரும்பாலோர் நடப்பது. ஆயிரக்கணக்கான கால்கள் ஒரே கோட்டில் செல்வதால் மிதிபடும் நிலம் குறைகிறது. கோட்டுக்கு வெளியே உள்ள ஈரப் புல்வெளி தப்பிக்கிறது.

சிங்களத்தில் மகா எலிய எனப்பட்ட இந்நிலத்துக்கு, 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை ஆங்கிலேயர் சூட்டினர். பாதையில் வரும் பேக்கர் அருவிக்கோ, நுவரெலியாவில் குடியேறி யானைகளையும் மரைகளையும் வேட்டையாடியதைப் பெருமையுடன் நூலாக்கிய சாமுவேல் பேக்கரின் பெயர் வாய்த்தது. யானைகள் இங்கிருந்து அற்றுப்போன பின்னும் வேட்டைக்காரர் பெயர் பாதுகாக்கப்பட்ட வனத்தில் நிலைத்திருப்பது விந்தையே. 1960களில் புல்வெளியின் சில பகுதிகளில் உருளைக்கிழங்கும் பயிரிடப்பட்டது. 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இப்பகுதி, 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாட்டின் ஒரு கூறாக இடம்பெற்றது.

நடப்பவர் முதலில் காண்பது ‘பத்தனா’ எனப்படும் மலைப் புல்வெளியை. அதன் ஓரங்களிலும் மேடுகளிலும் காடு திட்டுத்திட்டாக நிற்கிறது. நீலகிரியின் சோலைகளையும் புல்வெளிகளையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இக்காட்சி புதிதன்று. காட்டுப் பூவரசு எனப்படும் செந்நிற ரோடோடென்ட்ரானும், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து மடியும் குறிஞ்சி இனச் செடிகளும் இரு மலைகளுக்கும் பொதுவானவை. தமிழ்நாட்டார் கடமான் என்று வழங்கும் மரைகள் இப்புல்வெளியில் மேய்வதும், அவற்றைச் சிறுத்தைகள் இரையாகக் கொள்வதும் இங்குள்ள உணவுச் சங்கிலியின் முதன்மையான கண்ணி.

பாதையின் புகழெல்லாம் அதன் தென்விளிம்பில் உள்ள ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பாறைக்கே உரியது. ஏறத்தாழ 870 மீட்டர் ஆழத்துக்கு நிலம் திடீரென இறங்கும் அவ்விடத்திலிருந்து, வானம் தெளிந்திருந்தால், கீழே தேயிலைத் தோட்டங்களும் அவற்றுக்கப்பால் தாழ்நிலமும் தெரியும். ஆயினும் வெயில் ஏற ஏறத் தாழ்நிலத்தின் ஈரக் காற்று சூடாகி, பாறைச் சுவரை ஒட்டி மேலெழுந்து, குளிர்ந்து நீர்த்திவலைகளாகிவிடுவதால், காலை பத்து மணியளவில் பள்ளத்தை மூடுபனி நிரப்பிவிடுவது வழக்கம். ஆகவேதான் பயணிகள் விடிந்ததும் விடியாததுமாக விளிம்பை நோக்கி விரைந்து, படம் எடுத்துக்கொண்டு, பனி வந்ததும் ஏமாற்றத்துடன் திரும்புகின்றனர்.

அந்த மூடுபனியே இந்நிலத்தின் உயிர்நாடி என்பதை அவர்களுள் பலர் அறிவதில்லை. மேகம் தவழும் உயரத்தில் வளரும் இத்தகைய வனத்தை மேகக்காடு என்பர். அதன் மரங்கள் காற்றாலும் குளிராலும் குறுகி, முறுக்கேறிய கிளைகளும் சிறிய தடித்த இலைகளும் கொண்டவையாக உள்ளன. கிளைகளைப் போர்த்திய பாசியும் ஆர்க்கிடுகளும் மிதக்கும் பனித்துளிகளைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் சேர்ப்பதால், மழையில்லாத நாட்களிலும் காட்டுக்கு நீர் கிடைக்கிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரும் ஆறுகளின் கிளைகள் இம்மேட்டு நிலத்தில் தோன்றுவதற்கும், வட்டப் பாதையைக் குறுக்கிடும் பெலிஹுல் ஓயா வளவையை நோக்கி ஓடுவதற்கும் இந்நீர்ச் சேமிப்பு துணை நிற்கிறது.

இக்காடு நலமாக இல்லை. 1970களிலிருந்தே மரங்கள் உச்சியிலிருந்து பட்டுப்போகும் ‘காடு கருகல்’ கவனிக்கப்பட்டு வருகிறது. மண்ணின் சத்துக்குறை முதல் வறட்சி வரை பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டும், ஒரே காரணம் இதுவரை நிறுவப்படவில்லை. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கோர்ஸ் என்னும் மஞ்சள் பூ முட்செடி புல்வெளியை ஆக்கிரமிப்பதும், பயணிகள் உணவூட்டியதால் மரைகள் மனிதரை அண்டி, பிளாஸ்டிக் குப்பையை விழுங்க நேர்வதும் கண்முன் நிற்கும் கேடுகள். நுழைவாயிலில் பிளாஸ்டிக் பொருட்களைச் சோதித்து அகற்றும் நடைமுறை இதன் விளைவே.

எனவே இப்பாதையில் நடக்க விரும்புவோர், உலக முடிவைப் பார்த்ததும் ஓட்டமாகத் திரும்பாமல், பனி கவிந்த பின் அருவி வழியாகச் செல்லும் மறுபாதிக்கே அதிக நேரம் ஒதுக்குவது நன்று. மரைக்கு எதையும் ஊட்டாமலும் புல்லில் இறங்காமலும் இருப்பது அதனினும் நன்று.