இராமானுசன் அட்டவணையில் விடுபட்ட ஓர் எண்

தமிழ்ப்பள்ளிக் கணித வகுப்பில் ‘காரணி’ என்னும் பாடம் பெரும்பாலும் வகுத்துப் பார்க்கும் பயிற்சியோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் ஆழ்ந்த கோட்பாடொன்று உண்டு என்பதும், அதனைத் தமிழில் தெளிவாக விளக்க இயலும் என்பதும் ஆசிரியர்களே மறந்துவிட்ட செய்திகள். 2003ஆம் ஆண்டு முதல் சில காலம் கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டமை இம்மறதியை மிகுவித்தது எனலாம்.

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் தான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். நிரை பிடித்துக் கன்று நடும் தோட்டத்தில் காரணிக்கு விளக்கம் மண்ணிலேயே கிடைக்கும். 120 கன்றுகளை, ஒரே நிரையாக நடுவதையும் சேர்த்து, 8 வகையான செவ்வகங்களாக நடலாம். ஒரு கன்று கூடி 121 ஆனால் இரண்டே வகைதான். (செம்பனை முக்கோண அமைப்பில் நடப்படுவதால் இவ்வெடுத்துக்காட்டு அங்கே பொருந்தாது.) 120க்குக் காரணிகள் 16; அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இவ்வாறு தனக்கு முந்திய எண்கள் அனைத்தையும் காரணி எண்ணிக்கையில் விஞ்சும் எண்ணை இங்கு ‘மீப்பகு எண்’ எனக் குறிப்போம்.

கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன் இவ்வெண்களைப் பற்றி எழுதிய நெடிய கட்டுரை 1915இல் இலண்டன் கணிதக் கழக இதழில் வெளிவந்தது. மீப்பகு எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதினால், 2இலிருந்து இடையில் ஒன்றும் விடுபடாது. அடுக்குகள் ஏறுவதும் இல்லை. காரணம் எளிது. 18 என்பது 2 × 3². அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3, அதாவது 12. இரண்டிற்கும் 6 காரணிகளே. சிறியது இருக்க, 18 மீப்பகு எண் ஆகாது.

இராமானுசன் கையால் கணித்த அட்டவணை 6746328388800 வரை செல்கிறது. அதில் ஒரே ஓர் எண் விடுபட்டதைப் பிற்கால ஆய்வாளர் கண்டனர். அது 293318625600, அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

இதன் அமைப்பு 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் காரணிகள் 5040 எனக் கிடைக்கும். அத்தனை கன்றுகள் இருந்தால் 2520 வகைச் செவ்வகங்கள் அமையும். 5040, 2520 ஆகிய இரண்டுமே மீப்பகு எண்கள் என்பது சுவையான செய்தி.

மீப்பகு எண் வரிசையில் இதற்கு முன்னுள்ளது 240940299600, பின்னுள்ளது 321253732800. அவ்விரண்டிலும் 23 என்னும் பகா எண் காரணியாக உள்ளது. நடுவிலுள்ள இவ்வெண்ணிலோ 23 மறைந்து, 7 இருமுறை வருகிறது. வரிசை ஒருமுறை பின்வாங்கி மீண்டும் முன்செல்லும் இவ்விடம் கைக்கணக்கிற்குத் தப்பியதில் வியப்பில்லை. ஆயினும் இவ்வெண்ணை 23ஆல் பெருக்கினால் வருவது 6746328388800. இராமானுசனின் அட்டவணையில் இறுதியாக நிற்கும் அதே எண்.